வைமேக்ஸா, 4ஜியா?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் பெரியம்மா வீட்டுக் கூரையில் ஒரு வெள்ளைச் சதுரப் பெட்டி இன்னும் கம்பத்தில் நிற்கிறது. உப்புக்காற்றில் ஆணியெல்லாம் துரு. அது வைமேக்ஸ் அன்டெனா.

கேபிள் போகாத ஊருக்கு வானலையில் இணையம் கொடுக்க வந்தது வைமேக்ஸ். வைஃபை சில பத்து மீட்டரில் அடங்கிவிடும். இதற்கு 50 கிலோமீட்டர், நொடிக்கு 70 மெகாபிட் என்றார்கள். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது, தூரம் கூடினால் வேகம் குறையும். அதோடு வைமேக்ஸ் பயன்படுத்திய 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை தென்னந்தோப்பைக் கண்டாலே தளரும். மாரியில் ஓலை நனைந்துவிட்டால் பெரியம்மாவின் வெளிநாட்டு அழைப்பு பாதியில் அறுந்துவிடும்.

ஆனாலும் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் தொடர்பை மீட்க வைமேக்ஸ் கருவிகள் உதவின. அதே அலை அடித்த கரை எங்களுடையது.

சரி, 4ஜி? அடிப்படை நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கைபேசியிலிருந்து டவருக்குத் தரவை அனுப்பும்போது மின்சக்தியை மிச்சப்படுத்தும் முறை 4ஜியில் உண்டு. கைபேசி பேட்டரிக்கு அது பெரிய உதவி. ஏற்கெனவே நின்ற 2ஜி, 3ஜி டவர்களிலேயே பொருத்த முடிந்ததால் வேகமாகப் பரவியது. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தோப்பையும் சுவரையும் ஓரளவு தாண்டும். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஓடும்போதும் பேச்சு தொடரும்; வைமேக்ஸின் கூரைப் பெட்டி நம்மோடு பஸ்ஸில் வராது.

இன்று வாங்குபவருக்கு 4ஜிதான். ரௌட்டரை அலமாரிக்குள் ஒளிக்காமல் டவர் இருக்கும் பக்க ஜன்னலில் வையுங்கள்.