ஒப்புக்கொண்ட குற்றத்தைத் திரும்பப் பெற எந்த வழி: மெமோவா, அப்பீலா, சீராய்வா?

"ஒப்புக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடுப்பா" என்ற பேச்சை நம்பி நடுவர் முன் தலையாட்டியவருக்கு, அதுவும் தண்டனைத் தீர்ப்புதான் என்பது வேலைக்கான போலீஸ் விசாரணையின்போதுதான் உறைக்கிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கென்று பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) தனிப் பிரிவு இல்லை. எந்தக் கட்டத்தில் விழித்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப வழி மாறும்.

தீர்ப்புக்கு முன்பென்றால் ஒரு மெமோவே, அதாவது நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பே, போதும். 264, 275 பிரிவுகள் ஒப்புதலின் பேரில் நடுவர் தண்டிக்கலாம் என்கின்றன, தண்டித்தே ஆகவேண்டும் என்பதில்லை. குற்றச்சாட்டு புரியவில்லை, வக்கீல் இல்லை, மிரட்டினார்கள் என எது உண்மையோ அதை அன்றே எழுதிக் கொடுங்கள். அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

தீர்ப்பு வந்துவிட்டால் பலரும் முதலில் அப்பீலுக்கு ஓடுகிறார்கள். அது தப்பு. செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் போடலாம்தான், ஆனால் 416-வது பிரிவின்படி தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் மட்டுமே கேட்க முடியும். அபராதம் குறையலாம், குற்றவாளி என்ற பெயர் போகாது.

பெயரையே துடைக்க வேண்டுமென்றால் 438-வது பிரிவில் சீராய்வு மனுதான், அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவு சட்டப்படி சரியா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனு. கெடு 90 நாள். செஷன்ஸ், உயர் நீதிமன்றம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போகலாம். ஒப்புதல் பதிவான விதம்தான் இங்கே கேள்வி. சிறிய குற்றங்களுக்கான சம்மன் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்ன சொற்களிலேயே, இயன்றவரை, எழுத வேண்டும் என்கிறது 275. பழைய சட்டத்தில் இதே விதி மீறப்பட்டதற்காக, சென்னை மதுவிலக்கு வழக்கொன்றில் மஹந்த் கௌசல்யா தாஸுக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அதனால் தீர்ப்பு நகல் மட்டும் போதாது. கேள்வி-பதில் எழுதிய தாளுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அச்சடித்த படிவத்தில் வெறும் "ஆம்" இருந்தால் அதுவே முதல் வாதம். "அடிச்சேன், அவன் அரிவாளோட வந்ததால" என்று சொன்னதை "ஒப்புக்கொண்டார்" என்று சுருக்கியிருந்தால் இன்னும் பலம், ஏனென்றால் அது தற்காப்பு, ஒப்புதல் அல்ல. "ஃபைனோடு முடியும்னு நினைச்சேன்" என்பது மட்டும் எடுபடுவது கடினம்.

தண்டனைப் பேரத்தில் (குறைந்த தண்டனைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசி முடிக்கும் முறை, plea bargaining) வந்த தீர்ப்புக்கு இந்தக் கதவுகள் எதுவும் கிடையாது. 295-வது பிரிவு மிச்சம் வைப்பது உயர் நீதிமன்ற ரிட்டையும் உச்ச நீதிமன்றச் சிறப்பு அனுமதி மனுவையும்தான்.

சீராய்வில் ஜெயித்தால் வழக்கு பெரும்பாலும் மறுவிசாரணைக்குத் திரும்பும். சாட்சிகள் வருவார்கள், தண்டனை கூடவும் செய்யலாம். இதைக் கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 90 நாள் கடந்திருந்தால், தாமதத்துக்கான காரணத்தைத் தேதிவாரியாக விளக்கி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் காலவரையறைச் சட்டம் 5-வது பிரிவு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.