சிவனொளிபாத மலை: ஹட்டன் வழியா, இரத்தினபுரி வழியா?

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) இலங்கையின் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் தொடங்கினால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கும் தொடங்கிவிடும். அம்மா ஹட்டன் கட்சி. பெரியப்பா இரத்தினபுரி கட்சி. "இரத்தினபுரிப் பக்கமாக ஏறினால்தான் யாத்திரை. மற்றதெல்லாம் உலாத்து" என்பார். வழக்கு பழையதுதான். 1344-இல் இந்த மலையேறிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, உச்சியிலுள்ள பாதச் சுவட்டுக்குப் போக இரண்டு பாதைகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆதாமின் பெயரால் 'பாபா' வழி, ஏவாளின் பெயரால் 'மாமா' வழி (தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் குழப்பம்தான்). மாமா வழி எளிது, திரும்பி வருவதற்கு உரியது. அதில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம்.

நான் ஹட்டன் வழியாக மூன்று முறை ஏறியிருக்கிறேன். மூன்றாம் முறை மட்டும் இரத்தினபுரிப் பக்கமாக இறங்கினேன். அந்தப் பக்கமாக ஏறியதில்லை, ஆகவே அந்த ஏற்றத்தைப் பற்றி நான் சொல்வதைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் கிடைப்பதில் வித்தியாசம் இல்லை. சிவனின் பாதம், புத்தரின் பாதம், ஆதாமின் பாதம் என்று அவரவர் கும்பிடும் இடம் ஒன்றுதான். சூரியன் எழும்போது மேற்கே பனிமூட்டத்தின் மேல் விழும் முக்கோண நிழலும் ஒன்றுதான். எத்தனையாவது முறை வந்தோமோ அத்தனை தடவை மணியடிக்கலாம்.

ஹட்டன் வழி வசதியானது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயில், அங்கிருந்து மஸ்கெலியா ஊடாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு பஸ். பெயரே தமிழ். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், கடைகளில் தமிழிலேயே தேநீர் கேட்கலாம். பருவ காலத்தில் இரவு முழுக்க விளக்குகள் எரியும், ஏறும்போது மேலே பார்த்தால் வானத்துக்கு ஒரு ஒளிக்கோடு இழுத்ததுபோல் இருக்கும். குறை கூட்டம்தான். போயா இரவுகளில் உச்சிக்குக் கீழே ஒரு படி ஏற பத்து நிமிடம் நிற்க வேண்டிவரும்.

இரத்தினபுரிப் பாதை காட்டுக்குள் போகிறது. நகருக்கு அருகே மகா சமன் தேவாலயம் இருக்கிறது. மலையின் காவல் தெய்வமாகிய சமனை வணங்கிவிட்டு ஏறுவது அப்பக்கத்து வழக்கம். வழியில் நிலிஹெல என்ற பள்ளத்தின் விளிம்பில் நின்று, அங்கே விழுந்து இறந்ததாகக் கதை சொல்லப்படும் நிலியை "நிலி அக்கே" என்று கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டேன். எதிரொலி கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. கடைகள் குறைவு, மழை பெய்திருந்தால் அட்டைகள் அதிகம். அழகில் ஹட்டன் வழி இதற்கு அருகில் நிற்க முடியாது.

ஆனாலும் யாராவது கேட்டால் ஹட்டன் என்றுதான் சொல்கிறேன். காரணம் ஏற்றமல்ல, இறக்கம். மலை 2,243 மீட்டர். நல்லதண்ணி ஏற்கெனவே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இறங்க வேண்டியது ஆயிரம் மீட்டர்தான். இரத்தினபுரிப் பக்கத்து அடிவார ஊரான பலாபத்தல ஏறக்குறைய 400 மீட்டரில் கிடக்கிறது. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதையும் இரவு முழுக்கத் தூங்காமல், விடியற்காலைக் குளிரில் விறைத்த காலோடு இறங்க வேண்டும்.

ஹட்டன் பக்கப் படிகள் ஏறக்குறைய 5,500. கணக்குப் போட்டால் ஒரு படி சராசரி 18 சென்டிமீட்டர், வீட்டு மாடிப்படி அளவுதான். ஆனால் முழங்கால் சராசரியில் இறங்குவதில்லை. ஒரு படி நான்கு விரற்கடை இருந்தால் அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். முதல் முறை அம்மா பாதி வழிக்குமேல் நேராக இறங்க முடியாமல், கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்தார். யாரோ வேண்டுதலுக்குக் கட்டிவிட்ட வெள்ளை நூல் அவர் விரல்களில் சுற்றிக்கொண்டே வந்தது. இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். உட்காரக் கடை இருந்தது, குடிக்க இஞ்சித் தேநீர் இருந்தது. அவரோடு இறங்க நான்கு மணி நேரமானது, ஆனாலும் மதியச் சோற்றுக்கு ஹட்டனில் இருந்தோம்.

இரத்தினபுரிப் பக்கம் தனியாக இறங்கிய எனக்கே ஏழு மணி நேரம். ஐந்தாம் மணிக்குப் பிறகு தொடைத்தசை தானாக நடுங்கத் தொடங்கியது. நடுவில் போதும் என்று நினைத்தாலும் போக வேறு வழி கிடையாது. அம்மாவை அங்கே கூட்டிப்போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. முழங்கால் நன்றாக இருக்கிற இளவயதுக்காரர் என்றால் இரத்தினபுரியில் ஏறி ஹட்டனில் இறங்குவது சரியாக வரலாம். இது நான் செய்து பார்க்காத யோசனை.

பலாபத்தலயிலிருந்து பஸ் ஏறியதும் பெரியப்பாவுக்குத்தான் முதலில் அழைத்தேன். "கடைசியில் உங்கள் வழியையும் பார்த்துவிட்டேன்" என்றேன்.

"ஏறினாயா?"

"இல்லை, இறங்கினேன்."

"இறங்கினதெல்லாம் கணக்கில் வராது" என்றார்.