வைத்தியசாலைக்குத் தலைவர்: மூத்த நிபுணரா, நிர்வாகம் படித்த வைத்தியரா?

குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்கு, பெரிய டொக்டர் என்றால் விடுதியைப் பார்வையிட வரும் விசேட வைத்திய நிபுணர்தான். ஆளணிப் பங்கீடும் நோயாளர் காவு வண்டியும் தீர்மானமாவதோ பணிப்பாளரின் அறையில்.

இலங்கையில் இவை இரண்டும் தனித்தனிப் பாதைகள். உள்ளகப் பயிற்சி வரைக்கும் எல்லோருக்கும் ஒரே வழி. அதன்பின் நிபுணராக விரும்புபவர் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தன் துறையில் எம்.டி. என்ற பட்டமேற்படிப்பை முடிக்கிறார், மற்றவர் அங்கேயே மருத்துவ நிர்வாகம் படித்துப் பணிப்பாளர் பதவியை நோக்கிப் போகிறார்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மூத்த பேராசிரியர் ஒருவரே டீன், அதாவது கல்லூரிக்கும் அதனுடன் இணைந்த வைத்தியசாலைக்கும் தலைவர், ஆகிறார். அவருடைய சொல்லுக்குச் சக வைத்தியர்களிடம் மதிப்பு உண்டு. சத்திரசிகிச்சைக் கூடத்தின் தேவையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதில் எனக்கும் ஈர்ப்பு உண்டு. ஆனால் அவர் கோப்புகளில் மூழ்கினாலும் துறையில் வேறு பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நம்முடையது போன்ற மாவட்ட வைத்தியசாலையில் சில துறைகளுக்கு ஒரே நிபுணர்தான். அவரைப் பணிப்பாளர் நாற்காலியில் அமர்த்தினால் கிளினிக் வரிசை நீளும், நோயாளி மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ அனுப்பப்படுவார். அந்த விலை நமக்குக் கட்டாது.

பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவையின் நிர்வாகத்தை ஆராய்ந்த 1983ஆம் ஆண்டின் கிரிஃபித்ஸ் அறிக்கைக்குப் பிறகு வைத்தியசாலைகளுக்குப் பொது முகாமையாளர்கள் வந்தார்கள். பின்னர் துறைதோறும் ஒரு நிபுணர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே துறையின் தலைமையையும் ஏற்கும் முறை வேரூன்றியது. மேலே நிர்வாகி, துறைக்குள் நிபுணர்: திருகோணமலைக்குப் பொருந்துவது இதுவே. அந்தத் துறைத் தலைமையும் சேவை ஆண்டை எண்ணிக் கொடுப்பதாக இருக்கக்கூடாது. குறித்த காலத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

இந்தப் போட்டியில் பேசப்படாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். நிபுணரும் பணிப்பாளரும் இடமாற்றத்தில் வந்து போகிறவர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக ஊரோடு இருப்பவர், அந்த இரண்டு பாதைகளிலும் போகாத முதலாம் தர வைத்திய அதிகாரி. சேவை ஆண்டுகள் அவருடைய தரத்தையும் சம்பளத்தையும் உயர்த்துகின்றன, தலைமைப் பொறுப்பை மட்டும் தருவதில்லை. நள்ளிரவில் பஸ் விபத்தில் காயப்பட்டவர்கள் வந்து இறங்கும்போது, நிபுணர் வந்து சேரும்வரை யாரை முதலில் பார்ப்பது, எந்த விடுதியிலிருந்து தாதியரை அழைப்பது என்று முடிவெடுப்பவர் அவர்தான். அந்த அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.