மன்னார்குடியில் பத்து ஆண்டுகள்: அதிகம் விற்காத ஒரு காரின் செலவும் காத்திருப்பும்

திருவாரூரில் ஒருவரிடமிருந்து இந்தக் காரை 2014-இல் வாங்கினேன். 2012 மாடல், டீசல், 28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதிதாக எடுத்தபோது அவருக்கு ஒன்பதரை லட்சம் ஆகியிருந்தது. எனக்கு 5,10,000 ரூபாய்க்குக் கொடுத்தார். தெருவுக்கு நான்கு நிற்கிற பிராண்டு கார்களை அதே வயதில் ஆறரை லட்சத்துக்குக் கீழே அப்போது பேசவே முடியாது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் அனுபவித்தவற்றில் பெரும்பாலானவை, அதிகம் விற்காத எந்தக் காரைக் காவிரி டெல்டாவில் வைத்துக்கொண்டாலும் நேரக்கூடியவை.

மன்னார்குடியில் விதை, உரம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்கள் என்றால் குறுவைக்கு விதை கேட்டு அழைப்புகள் தொடங்கிவிடும். அதன்பின் தை அறுவடை முடியும்வரை காருக்கு ஓய்வு கிடையாது. முத்துப்பேட்டை, வேதாரண்யம், கோட்டூர், நீடாமங்கலம் என்று சுற்றும். ஆற்றங்கரைச் சாலைகளில் எதிரே டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கித்தான் ஒதுங்க வேண்டும். 2024 இறுதியில் மீட்டர் 1,78,000 காட்டியது. அதாவது என் கையில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. 96,000 கிலோமீட்டரில் ஒருமுறை கிளட்ச் மாற்றினேன். வெளியூர்ப் பயணத்தில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் தருகிறது. கதவின் கனமும் நாகப்பட்டினம் சாலையில் பக்கக் காற்றுக்கு அசையாமல் போகும் விதமும் எனக்கு இன்னும் பிடித்திருக்கின்றன. எஞ்சின் சாமான்களுக்கு ஒருநாளும் அலைந்ததில்லை. காரணம், இதே எஞ்சின் வேறு நிறுவனங்களின் கார்களிலும் ஓடியது. இந்தியாவில் இப்படிப் பல நடந்திருக்கின்றன. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின் மாருதி ஸ்விஃப்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது. ரெனோவின் 1.5 டீசல் எஞ்சின் டஸ்டரிலும் நிசான் டெரானோவிலும் இருந்தது. ஆகவே, அரிய பிராண்டு என்றால் எஞ்சின் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களின் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆயில் ஃபில்டர் மன்னார்குடியிலேயே கிடைக்கும். டிக்கிக் கதவு கிடைக்காது.

அதை 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எனக்குக் கற்பித்தது. வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய புயலில் எங்கள் கொல்லையில் ஏழு தென்னைகள் சாய்ந்தன. ஒன்று காரின் பின்பக்கத்தில் விழுந்தது. டிக்கிக் கதவு, பின் கண்ணாடி, இடது டெயில் லைட், பம்பர் எல்லாம் நொறுங்கின. மின்சாரம் வரும்வரை எந்தப் பட்டறையிலும் வேலை நடக்கவில்லை. அந்த நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மின்சாரம் வந்தபின் என் மைத்துனரின் கார் ஒன்பதாம் நாள் சாலைக்கு வந்துவிட்டது. அவருடையது எங்கும் கிடைக்கிற பிராண்டு, சேதமும் ஏறக்குறைய இதே அளவுதான். என்னுடையது 47 நாள் பட்டறையில் நின்றது. டிக்கிக் கதவு வடக்கே ஏதோ ஒரு கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். டெயில் லைட்டுக்கு யாரும் தேதியே சொல்லவில்லை. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில், உடைத்த காரிலிருந்து கழற்றியதை வாங்கி, பஸ் பார்சலில் வரவழைத்தோம்.

இன்சூரன்சிலும் ஒரு பாடம் கிடைத்தது. தேய்மானம் கழிக்காத பாலிசி பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். என் காருக்கு அப்போது ஆறு வயது. சாதாரணப் பாலிசியில் கண்ணாடிக்குக் கழிவு இல்லை, பிளாஸ்டிக்குக்குப் பாதி கழியும், ஐந்து வயது தாண்டி, பத்து வயதுக்கு உட்பட்ட வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம் கழியும். இந்தச் சதவீதங்கள் எல்லாப் பிராண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அரிய காரில் பம்பரின் விலையே அதிகம் என்பதால், கையிலிருந்து போகிற பாதியும் அதிகமாகிவிடுகிறது.

மறு ஆண்டு, சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டியரிங் ரேக் போனது. என்னால் மறக்க முடியாதது அதுதான். அப்பாவை வாரம் இருமுறை தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ரேக் வர 19 நாள் ஆனது. ஆறு முறை வாடகைக் கார் பிடித்தேன், முறைக்கு 2,200 ரூபாய். ரேக் விலை 31,000 என்று பில்லில் இருக்கிறது. வாடகைக்குப் போன 13,200 எந்தப் பில்லிலும் இல்லை. தெரியாத காரின் இருக்கையில் அப்பா சாய முடியாமல் உட்கார்ந்து வந்தது எந்தக் கணக்கிலும் இல்லை. அன்றிலிருந்துதான் கார் நின்ற நாட்களைத் தனியாக நோட்டில் எழுதத் தொடங்கினேன். கஜா நாட்களையும் நினைவிலிருந்து முதல் வரியில் சேர்த்தேன்.

அடுத்த வரி எலிகளுடையது. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் ஏறுவது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2021 பிப்ரவரியில் என் எஞ்சின் வயரிங்கைக் கடித்துவிட்டன. முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும், 58,000 ரூபாய் என்றது சர்வீஸ் சென்டர். சாமான் எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டே 11 நாள் போனது. பிறகு உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் அறுந்த இடங்களை ஒவ்வொன்றாக இணைத்து, ஸ்லீவ் போட்டு, இரண்டு நாளில் 4,500 ரூபாயில் முடித்துக் கொடுத்தார். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அரிய கார் வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு எலக்ட்ரீஷியனைத்தான். இப்போது வேலியோரம் எலி பிடிக்கும் கிட்டி வைக்க ஆள் வருகிறார். வயலுக்கு வைக்கிற அதே தஞ்சாவூர் மூங்கில் கிட்டிதான். பலன் தெரிகிறது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது ரேடியேட்டர் ஃபேன் நின்றது ஒருமுறை. அதற்கு நான்கு நாள். ஆக 47, 19, 13, 4 என்று மொத்தம் 83 நாட்கள். இதே காலத்தில் மைத்துனரின் கார் நின்றது 14 நாட்கள்.

ரூபாய்க் கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. டீசல், டயர், இன்சூரன்ஸ் நீங்கலாகப் பத்து ஆண்டில் 3,75,000 செலவு, கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். மைத்துனர் தன் பில்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கும் இரண்டுக்கு மேல் வருகிறதே, அத்தான்” என்றார். வாங்கும்போது நான் மிச்சம் பிடித்த தொகை அந்த வித்தியாசத்தைத் தாங்கிவிடுகிறது. அரிய பிராண்டின் விலை வேகமாக விழுவது, புதிதாக வாங்கி நான்கு ஆண்டில் விற்கிறவருக்கு நஷ்டம். இரண்டாவதாக வாங்கிக் கடைசிவரை வைத்திருப்பவருக்கு அதுவே லாபம். புதிதாக வாங்க யாரும் கேட்டால் நான் தடுத்துவிடுவேன். செவ்ரோலெட் 2017 இறுதியோடு இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அத்தனை பெரிய பெயர்களுக்கே அப்படி என்றால், குறைவாக விற்கிற எந்த நிறுவனத்தையும் நம்பி ஒன்பது லட்சம் போடத் துணிவு வேண்டும்.

வாங்குவதற்கு முன் மைலேஜை விசாரித்துக்கொண்டிருக்காமல், காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணோடு உதிரிபாகக் கவுண்டருக்குப் போய் ஹெட்லைட், முன் கண்ணாடி, பம்பர், ரேடியேட்டர் ஃபேன் ஆகியவற்றின் விலையையும் வர ஆகும் நாட்களையும் கேளுங்கள். என் மெக்கானிக் அன்றே சொன்னார்: “அண்ணே, வண்டியை நான் குறை சொல்லவில்லை. சாமான் எத்தனை நாளில் வரும், அதை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.” நான் கேட்கவில்லை. வீட்டில் வேறு கார் இல்லாதவர், நோயாளியை வைத்திருப்பவர் இந்த வழிக்கு வரவே வேண்டாம்.

அப்பா இப்போது இல்லை. கார் ஒரு வாரம் நின்றால் பைக்கில் போய்விடுகிறேன். பரணில் ஒரு ஜோடி ஹெட்லைட்டும், ஒரு ரேடியேட்டர் ஃபேனும், இரண்டு கதவுக் கைப்பிடிகளும் வாங்கி வைத்திருக்கிறேன். 2027-இல் பதிவுக் காலம் 15 ஆண்டு முடிகிறது. காரைத் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கத்தான் எண்ணம். புதுப்பேட்டையில் இன்னொரு டெயில் லைட் வந்தால் எடுத்து வைக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன்.