எம்எக்ஸ்-5, எம்ஜிஎஃப், எம்ஆர்2: ஸ்காட்லாந்துக் கிராமச் சாலைக்கு எந்தப் பழைய ஓப்பன் டாப்?

ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்தில் இருபது, இருபத்தைந்து வயதான ஓப்பன் டாப் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் முன்னால் பெரும்பாலும் மூன்று கார்கள் வந்து நிற்கும். மஸ்டா எம்எக்ஸ்-5இன் இரண்டாம் தலைமுறை (1998–2005, ரசிகர்கள் 'என்பி' என்பார்கள்), பிரிட்டிஷ் கம்பெனி எம்ஜியின் எம்ஜிஎஃப் (1995–2002) அல்லது அதன் தொடர்ச்சியான டிஎஃப், டொயோட்டா எம்ஆர்2இன் மூன்றாம் தலைமுறை (1999–2007). நாங்கள் எடுத்தது மஸ்டாவை. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் இடமும் அதற்குத்தான் அதிகம்.

ஓட்டும் சுகத்தில் மூன்றுமே ஏமாற்றாது. காக்பிரிட்ஜிலிருந்து டொமின்டூலுக்கு லெக்ட் வழியாக ஏறும் ஏ939, 670 மீட்டர் உயரத்தில் கெய்ர்ன்வெல் கணவாயைத் தாண்டும் ஏ93, ஆப்பிள்கிராஸுக்குப் போகும் 626 மீட்டர் உயர பியலாக் நா பா என எங்கே போனாலும், சின்ன கார், லேசான எடை, நேரான ஸ்டீயரிங் இருந்தால் போதும். குதிரைத்திறன் பெரிதாகத் தேவைப்படாது. ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னால் எடுக்க வேண்டும். அப்போது மூக்கும் வாலும் எங்கே முடிகின்றன என்று தெரிகிற குட்டிக் கார் கைகொடுக்கும். மூன்றில் எம்ஆர்2தான் லேசு, 975 கிலோ அளவில். திருப்பத்தில் அது சாடும் வேகம் மற்ற இரண்டுக்கும் வராது, ஒப்புக்கொள்கிறேன். சாமான் வைக்க எம்ஜிஎஃப்பின் டிக்கிதான் தாராளம். எம்ஆர்2இல் டிக்கி என்று சொல்ல ஒன்றுமில்லை. சீட்டுக்குப் பின்னால் பூட்டக்கூடிய பெட்டி, மூக்குக்குள் ஸ்டெப்னி, அவ்வளவே.

இவையெல்லாம் வாங்கிய முதல் மாதம் பேசுகிற பேச்சு. ஐந்தாவது வருடமும் அந்தக் கார் சாலையில் இருக்குமா என்பதை முடிவு செய்வது ஒன்றே ஒன்று: அடியில் பிடிக்கும் துரு.

காரணம் எளிது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உப்பு தூவும் லாரிகள் சாலையில் இருக்கும். மேற்குக் கரையில் போதாததற்குக் கடல் தூவானமும் சேரும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனாலே தானாக நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். இங்கே குளிர்கால ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே மழை நின்ற பிறகும், கார் ஷெட்டுக்குள் நின்றாலும், தகட்டில் ஒட்டிய உப்பு காய்வதில்லை. நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

மஸ்டா இதில் தப்பித்த கார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்றில் அதிகம் துருப்பிடிப்பது அதுதான் என்றுகூடச் சொல்லலாம். அப்படியிருந்தும் அதையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அந்தத் துரு எங்கே வரும், எதனால் வரும், எந்தத் தகட்டை வெட்டி எதை வைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. 2016லேயே எம்எக்ஸ்-5 பத்து லட்சமாவது காரைத் தொட்டுவிட்டது. அதனால் கதவுக்கடியில் ஓடும் 'சில்' (sill) பகுதிக்கும், முன்பக்கம் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டமான முன் சேஸி ரெயிலுக்கும் அளவாக வளைத்த தகடுகள் தயாராகக் கிடைக்கின்றன. வெல்டிங் தெரிந்த, டிராக்டர் பழுது பார்க்கிற கிராமத்துப் பட்டறைக்காரரே வேலையை முடித்துவிடலாம்.

முதல் இடம் பின் சில். கதவுக்கடியில் ஓடும் பெட்டி வடிவத் தகடு, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் முடிகிற இடம். இங்கே துருவுக்கு இரண்டு பக்கமும் வாசல். வெளியிலிருந்து சக்கரம் உப்புச் சேற்றை அடிக்கிறது. உள்ளிருந்து கூரைத் தண்ணீர் வருகிறது. துணிக்கூரையில் விழும் மழை சீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் சேர்ந்து, இரண்டு மூலைகளிலும் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னே இருக்கும் துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். பிர்ச், ரோவன் மர இலைத்தூள் அந்தத் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் வழிந்து கம்பளத்துக்கும் சில்லுக்குள்ளும் போகும். சீட்டுக்குப் பின்னால் கம்பளம் ஈரமாக இருந்தால் கூரை கிழிந்திருக்கிறதா என்று தேடுவதற்கு முன் இந்தத் துளையைத்தான் பார்க்க வேண்டும்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கூரையைப் பாதி தூக்கி, மூலைத் துளையில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடியில் அதே பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னே, ஒரே ஓட்டமாகக் கீழே விழ வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. சில்லின் தையல் வழியாகச் சொட்டினால் குழாய் கழன்றிருக்கிறது. அடைப்பை எடுக்க வளையக்கூடிய பிளாஸ்டிக் கம்பி போதும். இரும்புக் கம்பியால் ஓங்கிக் குத்தினால் குழாயே கீழே கழன்றுவிடும். பிறகு எல்லாத் தண்ணீரும் சில்லுக்குள்தான். இலை உதிர்ந்து முடிந்ததும் நவம்பரில் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை செய்தால் பாதிச் சண்டை முடிந்தது.

இரண்டாவது இடம் முன் சேஸி ரெயில். இது என்பிக்கே உரிய நோய். முந்தைய தலைமுறையில் இல்லாத உள் வலுவூட்டலை இங்கே சேர்த்தார்கள். அடுக்கடுக்கான தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். வாங்கும் முன் காரை ஜாக்கில் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ரெயில்களையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நீளவாக்கில் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் ஈர மரப்பலகையைத் தட்டினதுபோல் மொத்தென்று கேட்கும். அந்த மாற்றம் கேட்ட இடத்தில் அண்டர்சீல் என்கிற அடிப்பகுதிக் கறுப்புப் பூச்சைப் புதிதாகப் பூசியிருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம்.

பழுதுபார்ப்பிலும் நல்லது கெட்டது உண்டு. அரித்த சில்லின் மேல் புதுத் தகட்டை அப்படியே போர்த்தி வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு குளிர்காலத்தில் அது மறுபடி விட்டுப்போகும். வெளித் தகட்டை வெட்டி எடுத்து, உள் தகட்டையும் பார்த்து, அரித்ததை முழுக்க நீக்கி, வெல்டிங் தாங்கும் பிரைமர் பூசிப் புதிதாக வைப்பதுதான் வேலை. முடிந்த பிறகு உள்ளே மெழுகு அடிக்காவிட்டால், வெல்டு வைத்த சூட்டில் பாதுகாப்புப் பூச்சு எரிந்துபோன வெற்றுத் தகடு அடுத்த மாதமே துருப்பிடிக்கத் தொடங்கும்.

மெழுகடிக்க ஏற்ற மாதம் ஜூலை. அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று வறண்ட நாள் காயவிட்டு, மெழுகு டப்பாவை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கி, நீளக் குழாய் முனையால் சில்லுக்குள்ளும் ரெயிலுக்குள்ளும் செலுத்த வேண்டும். 750 மில்லி டப்பா மூன்று இருந்தால் இரண்டு சில், இரண்டு ரெயில், பின் சக்கர வளைவின் உள்விளிம்பு எல்லாம் முடியும். டினிட்ரால், பில்ட் ஹேம்பர் இரண்டுமே இந்த வேலைக்கான மெழுகு விற்கின்றன. வெளி அடிப்பகுதிக்கு லானோலின் (ஆட்டு ரோமத்தின் கொழுப்பு) அடிப்பவர்கள் வருடாவருடம் திரும்ப அடிக்க வேண்டும். சில் நுனியில் உள்ள சின்ன வடிகால் ஓட்டைகளை மெழுகு அடைத்திருக்கிறதா என்று கடைசியில் கம்பி விட்டுப் பாருங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மஸ்டாவின் மற்ற தொல்லைகள் சில்லறை. ஈரத்தில் பின் பிரேக் கேலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சறுக்கு ஊசிகள் இறுகும்; கழற்றி, சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் போட்டால் சரி. ஹேண்ட்பிரேக் தொளதொளவென்று ஆனால் கேபிளை இழுக்கக் கூடாது. கேலிப்பரின் பின்னால் 14 மி.மீ. போல்ட் ஒன்று மூடிபோல இருக்கும். அதைக் கழற்றி உள்ளே 4 மி.மீ. ஆலன் கீயை விட்டு, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை வலப்பக்கம் திருப்பி, மூன்றில் ஒரு சுற்று பின்வாங்க வேண்டும். பேட்டரி டிக்கியில் இருப்பதால் காற்றுக்குழாய் வைத்த வகையைத்தான் வாங்க வேண்டும். டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு முறை. 1.6 எடுத்தால் வரி மிச்சம் என்று நினைக்க வேண்டாம்: 2001 மார்ச்சுக்கு முன் பதிவானவற்றுக்கு வரிக்கோடு 1549 சிசியில், 1.6 இன்ஜினின் 1597 சிசி, 1.8 இன்ஜினின் 1839 சிசி இரண்டுமே அதற்கு மேல்.

எம்ஜிஎஃப்பின் கதை வேறு. அதன் பலவீனம் கே-சீரீஸ் இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) என்று எல்லோரும் அறிவார்கள். ஆனால் இந்த ஊரில் அதுவும் துருவில் போய்தான் முடிகிறது. இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவே கூலன்ட் குழாய்கள் காரின் அடியில், உப்பு அடிக்கும் இடத்தில் ஓடுகின்றன. இரும்புக் குழாய் அரித்துச் சொட்டுச் சொட்டாகக் கசியும். இந்த இன்ஜின் வைத்திருக்கும் கூலன்ட்டே கொஞ்சம். அதில் சிறிது குறைந்தாலும் காற்று புகுந்து சூடேறி கேஸ்கெட் போகும். ஆகவே வாங்கினால் முதல் செலவு ஸ்டெயின்லெஸ் குழாய்கள். ஹெட் கழற்ற நேர்ந்தால் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், தலையை நகராமல் நிறுத்தும் ஸ்டீல் டோவல் ஊசிகள், வலுவான ஆயில் ரெயில் மூன்றையும் ஒன்றாகப் போடாமல் மூடக் கூடாது. ஸ்பிரிங்குக்குப் பதில் வாயுவும் திரவமும் அடைத்த உருளைகளில் நிற்கும் எம்ஜிஎஃப்பின் ஹைட்ராகேஸ் சஸ்பென்ஷன் குண்டுகுழிச் சாலையில் அருமையாக மிதக்கும், மூன்றில் சொகுசு அதுதான். ஆனால் அந்த உருளைகள் இப்போது புதிதாகத் தயாராவதில்லை. வாயு இறங்கி கார் தாழ்ந்தால் அதற்கான பம்ப் வைத்திருப்பவரைத் தேட வேண்டும். கிராமத்தில் இருந்துகொண்டு அது எளிதல்ல. 2002க்குப் பிந்தைய டிஎஃப்பில் சாதாரண ஸ்பிரிங். பராமரிப்பு சுலபம், சவாரி கடினம். எம்ஜி ரோவர் 2005இல் மூழ்கிவிட்டாலும் உதிரி பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல நிலையில் இருப்பதைக் குறைந்த விலையில் பிடிக்க முடிந்தால் டிஎஃப் மோசமான தேர்வில்லை.

எம்ஆர்2 பற்றி என் கை அனுபவம் மற்ற இரண்டைவிடக் குறைவு. இந்தப் பகுதியைச் சற்றுத் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பு மஸ்டாவைவிட உறுதி. சில் அரித்து நிற்பதைக் காண்பது அரிது. பார்க்க வேண்டியது பின் சப்ஃப்ரேமை, அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டத்தை. இன்ஜினில் செயின் இருப்பதால் பெல்ட் கவலை இல்லை. பெரிய ஆபத்து ஆரம்ப வருடக் கார்களில்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) இருக்கும் முன்-கேட்டலிஸ்ட் என்கிற புகை வடிகட்டி பொடிந்து, அந்தத் தூளை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டால் பிஸ்டன் ரிங் காலி. ஆயில் குடிக்கும் காரை விட்டு விலகுங்கள். ஆயில் குடிக்காததென்றால் முன்-கேட்டலிஸ்ட் இல்லாத மேனிஃபோல்டை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். முன் டயர் ஓர் அளவு, பின் டயர் வேறு அளவு. மஸ்டாவில் நாலும் ஒன்று. அடுத்த டயர் கடை நாற்பது மைல் தள்ளி இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமாகத் தெரியாது.

எதை எடுத்தாலும் முதலில் பிரிட்டிஷ் அரசுத் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு எம்ஓடி (கார் சாலைக்குத் தகுதியா என்று வருடாவருடம் நடக்கும் சோதனை) வரலாற்றைப் படியுங்கள். இலவசம். 'அரிப்பு' என்ற குறிப்பு மூன்று வருடம் தோல்வியாகாமல் வெறும் அறிவுரையாகவே வந்துவிட்டு, நாலாவது வருடம் வெல்டிங் எதுவும் செய்யாமல் திடீரென்று காணாமல் போயிருந்தால், நடுவில் யாரோ தார் பூசி மறைத்திருக்கலாம். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடிமானத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் தகடு பலவீனமாக இருந்தால் சோதனையில் தோல்விதான். மஸ்டாவின் இரண்டு நோய் இடங்களும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன.

குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பதானால் சாலையில் இல்லை என்று அறிவித்து வரியை நிறுத்திவிட்டு, கடைசி ஓட்டத்துக்குப் பிறகு தோட்டத்துத் தெளிப்பானைக் காரின் அடியில் வைத்து இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். ஈரக் காரை மூடிய கராஜில் பூட்டுவதைவிட, காற்று புகும் கல் ஷெட் எவ்வளவோ மேல். ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடைகல் கொடுங்கள். எலி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும். காற்றுக்குழாய் வாயில் ஸ்டீல் கம்பளியைத் திணித்து, வசந்தத்தில் எடுக்க மறக்காதபடி ஸ்டீயரிங்கில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள். கூரையை மூடியே நிறுத்த வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பில் பாசி பிடித்து, துணி விறைத்து, ஏப்ரலில் முதல் முறை மூடும்போது அந்த மடிப்பிலேயே கிழியும். என்பியிலும் எம்ஆர்2இலும் பின் ஜன்னல் கண்ணாடி. எம்ஜிஎஃப்பில் பிளாஸ்டிக், குளிரில் அதை மடித்தால் அங்கேயே விரிசல்.

ஜூனில் வடக்கே பொழுது இரவு பத்தரை வரை சாயாது. மிட்ஜ் என்கிற அந்தக் கடிக்கும் குட்டிப் பூச்சி, கார் ஓடும்வரை நெருங்காது, நின்றால்தான் மொய்க்கும். ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, பக்கக் கண்ணாடிகளை உயர்த்தி, கூரையைத் திறந்து போனால் 12 டிகிரியிலும் சுகம். தூறல் வந்தாலும் ஐம்பது மைல் வேகத்தில் தலைக்கு மேலேயே போய்விடும். ஆடு குறுக்கே வந்து நிற்கிற நொடிதான் நனைவீர்கள்.