புகையிலை நிறுவனங்களின் சொந்தக் கடிதங்கள்: கட்டணமில்லாத ஓர் ஆவணக் காப்பகம் பற்றிய மதிப்புரை

உலக நாடுகளின் சுகாதாரக் கொள்கையில் புகையிலை நிறுவனங்கள் தலையிடுகின்றன என்று டர்பனில் யார் எழுந்து பேசினாலும், அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: அதற்கு ஆதாரம் எங்கே? வழியில் நின்று கேட்பவரும் இதைத்தான் கேட்கிறார். சட்ட மசோதா மீது கருத்துக் கேட்க வரும் நாடாளுமன்றக் குழுவும் இதைத்தான் கேட்கிறது. அந்த இடத்தில் நிறுவனங்களின் சொந்தக் கடிதங்களையே எடுத்து முன்னால் வைக்க உதவுகிற ஒரு சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் 'ட்ரூத் டொபாக்கோ இண்டஸ்ட்ரி டாக்குமெண்ட்ஸ்' என்னும் இணையக் காப்பகம் அது. அதில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. தேடுவதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. பெயர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை.

இந்தக் காகிதங்களை நிறுவனங்கள் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. 1994-ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்டாண்டன் கிளாண்ட்ஸுக்கு, தன் பெயரைச் சொல்ல விரும்பாத ஒருவர், பிரவுன் அண்டு வில்லியம்சன் என்னும் சிகரெட் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பி வைத்தார். அவற்றைத் திரும்பப் பெற நிறுவனம் நீதிமன்றம் சென்றது, தோற்றது. பிறகு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் புகையிலை நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு 1998 மே மாதத்தில் சமரசத்தில் முடிந்தபோது, நிறுவனங்கள் தங்கள் கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க நிறுவனங்களின் தாள்கள் மினியாபொலிஸிலும், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் தாள்கள் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டிலும் வைக்கப்பட்டன. அந்த ஊர்களுக்குப் பயணம் செய்து, நாற்காலி கிடைத்து, உட்கார்ந்து படிக்க முடிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 2002-இல் பல்கலைக்கழகம் இந்தக் காப்பகத்தைத் தொடங்கியது. அதன் பயனாகவே இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு மாணவியும் கைபேசியிலேயே அவற்றைத் திறந்து பார்க்க முடிகிறது.

ஓர் ஆவணத்தைத் திறந்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்த கடிதத்தின் மங்கிய படம் தெரியும். மேலே தொலைநகலின் தேதி வரி. ஓரத்தில் மேலதிகாரி ஒருவர் பேனாவால் கிறுக்கிய குறிப்பு. சில சொற்களின் கீழே அழுத்தமான கோடு. பக்கத்தின் அடியிலோ ஓரத்திலோ பேட்ஸ் எண் என்னும் வரிசை எண் முத்திரையாகப் பதிந்திருக்கும். வழக்கில் தாக்கலாகும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வழக்கறிஞர்கள் இடும் எண் அது. இந்தச் சேவையின் முழு மதிப்பும் அந்தச் சிறிய எண்ணில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரியை மேற்கோள் காட்டி அதனடியில் அந்த எண்ணை எழுதிவிட்டால், சந்தேகப்படுகிறவர் தாமே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நம்மை நம்பும்படி யாரையும் கெஞ்ச வேண்டிய தேவை இல்லை.

காப்பகத்துக்குள் நுழைந்ததும் தேடல் பெட்டியில் தோன்றிய சொல்லையெல்லாம் இட்டுப் பார்ப்பது வீண் வேலை. 'தென்னாப்பிரிக்கா' என்று இட்டால் விற்பனை அறிக்கைகளும் பயண ஏற்பாடுகளும் செய்தித்தாள் நறுக்குகளும் குவிந்துவிடும். வேண்டியது அடியில் புதைந்து போகும். நான் பரிந்துரைக்கும் வழி வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் இருந்தபோது, தாமஸ் செல்ட்னர் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பணிகளைக் குலைக்கப் புகையிலை நிறுவனங்கள் செய்த முயற்சிகளை இந்த ஆவணங்களைக் கொண்டே ஆராய்ந்து, அந்தக் குழு 2000-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையை முதலில் படித்து, அது சுட்டும் ஆவணங்களை ஒவ்வொன்றாகக் காப்பகத்தில் திறந்து பார்ப்பது நல்லது. அப்படிப் படிக்கையில் காகிதங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக, சர்வதேச புகையிலைப் பயிரிடுவோர் சங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 1984-இல் அதைத் தொடங்கிய ஆறு நாட்டுச் சங்கங்களில் நம் பிராந்திய நாடுகளான மலாவி, ஜிம்பாப்வே ஆகியவற்றின் சங்கங்களும் உண்டு. ஏழை விவசாயியின் குரல் என்ற பெயரில் அது உலக அரங்குகளில் பேசியது. 1988-ஆம் ஆண்டின் தொழில்துறை உள் கடிதம் ஒன்றோ, இந்தச் சங்கத்துக்குப் பணம் கொடுத்து வழிநடத்தினால், உலக சுகாதார நிறுவனத்தில் தங்கள் மூன்றாம் உலக ஆதரவு திரட்டலுக்கு அதை முன்னால் நிறுத்தலாம் என்று யோசனை சொல்கிறது. மலாவியின் புகையிலைத் தோட்டத்தில் குனிந்து உழைக்கிறவரின் வறுமை உண்மையானது. அந்த வறுமையை மற்றவர்கள் கேடயமாக எடுத்துப் பிடிக்கத் திட்டமிட்டதைப் படிக்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

மனத்தை அதைவிடக் கலக்குவது, பிறர் விடும் புகை பற்றிய ஆய்வின் கதை. பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், தாம் புகைக்காமல் புகைப்பவரோடு வாழ்கிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறதா என்று ஆராய்ந்தது. பத்தாண்டுகளில் அந்த ஆய்வுக்கு ஆன செலவு 15 லட்சம் முதல் 30 லட்சம் டாலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதை எதிர்கொள்வதற்கு பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் ஒரே ஆண்டில் 20 லட்சம் டாலர் செலவிடவும், எதிர் ஆராய்ச்சிகளுக்காக 40 லட்சம் டாலர் வரை ஒதுக்கவும் திட்டமிட்டிருந்தது. ஆய்வாளர்களுக்கு வேண்டியவர்கள் யார், முடிவு எப்போது வெளிவரும், வந்தால் பத்திரிகைகளில் என்ன சொல்ல வைப்பது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் விவாதிக்கப்படுகின்றன. 1998 மார்ச் மாதத்தில், ஆய்வு முழுமையாக வெளிவரும் முன்பே, பிறர் விடும் புகையால் புற்றுநோய் வருவதில்லை என்று பிரிட்டிஷ் செய்தித்தாளில் தலைப்புச் செய்தி வந்தது. ஆய்வு கண்டிருந்ததோ, புகைப்பவரை மணந்தவருக்கு ஆபத்து ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது என்பது. மாதிரியின் அளவு சிறிது என்பதால் எழுந்த புள்ளியியல் ஐயத்தைப் பிடித்துக்கொண்டு, ஆபத்தே இல்லை என்று அந்தச் செய்தி திரித்துச் சொன்னது. 1969-ஆம் ஆண்டின் பிரவுன் அண்டு வில்லியம்சன் குறிப்பு ஒன்று, மக்கள் மனத்தில் சந்தேகத்தை உண்டாக்குவதே தங்கள் உற்பத்தி என்று வெளிப்படையாக எழுதுகிறது. அதையும் இந்த 1990-களின் தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முப்பது ஆண்டுகளில் தொழில் முறை மாறவில்லை என்பது தெரியும்.

டர்பன்வாசிகளுக்கு இதில் தனி உரிமையே உண்டு என்பேன். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கட்டமைப்பு உடன்படிக்கை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 5.3-ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. அதை எப்படிச் செயல்படுத்துவது என்ற வழிகாட்டு நெறிகளை உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டது 2008 நவம்பரில், நம் டர்பன் நகரில் நடந்த மூன்றாம் மாநாட்டில்தான். புகையிலைத் தொழிலின் நலனுக்கும் மக்கள் சுகாதார நலனுக்கும் இடையே சமரசத்துக்கு இடமில்லாத அடிப்படை முரண்பாடு உண்டு என்பது அந்நெறிகளின் முதல் கொள்கை. அந்த வரிக்குப் பின்னால் தொண்டு அமைப்புகளின் நீண்ட போராட்டம் இருக்கிறது. உடன்படிக்கைக் கூட்டங்களில் நல்ல நிலைப்பாடு எடுத்த நாட்டுக்கு ஆர்கிட் மலரையும், நிறுவனங்களுக்குச் சாதகமாகப் பேசிய நாட்டுக்கு அழுக்குச் சாம்பல் கிண்ணத்தையும் விருதாக அறிவித்து, அவர்கள் பேச்சாளர்களைக் கூசச் செய்தார்கள். அத்தகைய எதிர்ப்புக்கு உறுதியான அடித்தளம் கொடுத்தவை இந்தக் காப்பகத்தின் தாள்கள்.

இதே வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவரின் பாதையும் யோசிக்க வைக்கிறது. உடன்படிக்கை உருவாகும் காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தில் அப்பணியை முன்னின்று நடத்திய தென்னாப்பிரிக்க மருத்துவர் டெரெக் யாக், 2017-இல் புகையற்ற உலகத்துக்கான அறக்கட்டளை ஒன்றின் தலைவரானார். ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்குத் தருவதாக அதற்கு உறுதியளித்தது பிலிப் மோரிஸ் இண்டர்நேஷனல். அந்த அறக்கட்டளையோடு சேர்ந்து பணியாற்றப் போவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. யாருடைய உள்ளெண்ணத்தையும் நான் அளக்க வரவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது குடிமக்களின் கடமை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி, நடைமுறையில் இந்தச் சேவை எவ்வளவு பயன்படுகிறது என்று பார்ப்போம். சிகரெட்டைக் கடையில் காட்சிக்கு வைப்பதைத் தடுக்கவும், பெட்டிகளுக்கு ஒரே மாதிரியான வெற்று உறை கொண்டுவரவும், கட்டடங்களுக்குள் புகைப்பதை முற்றாக விலக்கவும், மின் சிகரெட்டையும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரவும் 2022 டிசம்பரில் ஒரு மசோதா தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. மாகாணம் மாகாணமாக மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கள்ளச் சிகரெட் பெருகும், வேலை போகும், டீ ரூம் என்று நாம் சொல்லும் மூலைக்கடைக்காரர் நொடித்துப் போவார் என்பவை எதிர்ப்பாளர்களின் வாதங்கள். கள்ளச் சிகரெட் நம் ஊரில் உண்மையான பிரச்சினைதான். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் விவசாயியும் சிறுகடைக்காரரும் முன்னால் நிற்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை இந்த ஆவணங்கள் கற்றுத்தருகின்றன. எங்கள் பகுதியில் கருத்து எழுதி அனுப்பிய இளைஞர்கள் சிலர், சொந்தக் கோபத்தை எழுதி நிறுத்தாமல், ஆவண எண்ணோடு இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்தார்கள். படிப்பவர் புறந்தள்ள முடியாத எடை அந்தக் கடிதங்களுக்கு வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. கையெழுத்துக் குறிப்புகள் தேடலில் சிக்குவதில்லை. ஓரக் கிறுக்கல்களில்தான் பல வேளைகளில் உண்மை இருக்கும் என்பதால் பக்கத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஒரே கடிதம் பல பிரதிகளாக வரும். வழக்கறிஞர் ரகசியம் என்று நிறுவனங்கள் உரிமை கொண்டாடிய சில ஆவணங்களுக்குத் தலைப்பு மட்டுமே இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. பெரும்பாலும் அமெரிக்க வழக்குகளின் வழியே வந்த தாள்கள் என்பதால், ஆண்டன் ரூபர்ட் வளர்த்த ரெம்பிராண்ட் போன்ற நம் நாட்டு நிறுவனத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர், பிறருடைய கடிதங்களில் அதன் பெயர் வரும் இடங்களைத் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கும். ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பாட்டி தாத்தாக்களுக்குப் படித்துச் சொல்ல யாராவது வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய குறை காலம் பற்றியது: மிகச் செறிவான பகுதி கடந்த நூற்றாண்டைச் சேர்ந்தது; இன்று நடப்பதை அறிய அடுத்த வழக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். வட கரோலினா மாநிலம் 2021-இல் ஜூல் என்னும் மின் சிகரெட் நிறுவனத்தோடு செய்துகொண்ட சமரசத்தின் பயனாக அதன் ஆவணங்களும் இங்கே சேர்ந்துள்ளன. மின் சிகரெட் பள்ளிப் பைகளுக்குள் புகுந்துவிட்ட இந்த நாளில், பெற்றோர் முதலில் திறக்க வேண்டிய பகுதி அதுதான்.

பொழுதுபோக்காகப் புரட்ட நினைப்பவருக்கு இது ஏற்றதல்ல. பாதிக்கு மேல் வறண்ட வழக்குத் தாள்கள். போராட்டக் குழுவில் இருப்பவர், பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு மாணவரைத் தயார் செய்யும் ஆசிரியர், மசோதா மீது கருத்து எழுதப் போகிறவர் ஆகிய மூவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஸ்கேன் செய்த கோப்புகள் கனமானவை. நம் நாட்டில் கைபேசி டேட்டா விலை எல்லோருக்கும் தெரியும். ஆகவே குழுவாகத் தேடுங்கள். நூலகத்திலோ பாடசாலைக் கணினியிலோ இறக்கி, ஆண்டு வாரியாகப் பெயரிட்டு ஒரு பென் டிரைவில் சேமித்து, அடுத்து வருகிறவர் கையில் கொடுங்கள்.