முட்டைக்கோஸ் வயலில் முக்கோணப் பொறி

நீலகிரி கேத்தியில் அரை ஏக்கர் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். நட்ட மறுவாரமே, பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் 3 முக்கோண இனக்கவர்ச்சிப் பொறி கட்டினேன். ஐந்தாம் நாள் ஒட்டு அட்டையை இழுத்துப் பார்த்தால் 17 பூச்சி. மடங்கிய இறக்கைமேல் வரிசையாக வெள்ளை வைரக்கட்டம், வைரமுதுகு அந்துப்பூச்சியேதான். இதன் புழுதான் கோஸ் இலையைத் தின்பது.

இதில் விழுவது ஆண் பூச்சி மட்டும். பொறியே பயிரைக் காப்பாற்றிவிடும் என்று வாங்காதீர்கள். எப்போது இலையைப் புரட்டிப் புழு தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. எனக்கு அது பெரிய உதவி. நாள் கணக்குப் பார்க்காமல் பூச்சியைப் பார்த்து மருந்தடித்ததில் இந்தமுறை 2 தெளிப்பு மிச்சம்.

சாரல் பட்டால் அட்டை நமுத்துப் பசை போய்விடுகிறது, அதுதான் குறை. கூடுதல் அட்டை வாங்கி வையுங்கள். அப்புறம், பொறிக்குள் வைக்கும் வாசனைக் குப்பியை (லூர்) வெறுங்கையால் தொட வேண்டாம்.